பழைய 12 அங்குல சப்வூஃபரா, புதிய 8 அங்குலமா?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும் அவருடைய சித்தப்பா, 2006-இல் வாங்கிய 12 அங்குல போர்ட்டட் (காற்றுத் துளை உள்ள) சப்வூஃபரை, அதாவது பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரை, சும்மாவே தருகிறாராம். 250 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி), கிட்டத்தட்ட 25 கிலோ, பின்பக்கம் 115 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. கடையில் காட்டுவதோ 500 வாட், 8 அங்குலக் கோன், மொபைல் ஆப்பிலேயே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள சின்ன சீல்டு (துளையில்லாமல் மூடிய) சப்வூஃபர். அறை 12-க்கு 16 அடி, உயரம் 10 அடி. "பழசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 20 வருடத்துக்கு முந்தைய தொழில்நுட்பம்தானே, புதியது ஜெயித்துவிடாதா?" என்கிறார்.

பழசா புதுசா என்று கேட்டாலும், அவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: இந்த 20 வருடத்தில் சப்வூஃபருக்குள் எது முன்னேறியது, எது அப்படியே நிற்கிறது? மதுரையில் 22 வருடமாக ஆம்ப் பழுது பார்க்கிறேன், அதில் பாதிக் காலம் வீடுகளில் ஹோம் தியேட்டரும் அமைத்துத் தருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் சித்தப்பாவின் பெட்டியை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் நீங்கள் சோதித்துப் பார்த்த பிறகுதான் முடிவாகும்.

ஒரு சப்வூஃபரை மூன்று தனித்தனி பொருள்களாகப் பிரித்துப் பாருங்கள். காற்றைத் தள்ளும் கோனும் பெட்டியும் ஒன்று. அதற்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப் இரண்டு. எந்த அதிர்வெண்ணை எவ்வளவு அனுப்புவது என்று தீர்மானிக்கும் மூளை மூன்று. மூன்றும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. ஆம்ப் நன்றாகவே முன்னேறிவிட்டது. மூளை அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. கோனும் பெட்டியும் கீழ்ப்படிய வேண்டிய இயற்பியல் மட்டும் இம்மியும் மாறவில்லை.

அந்த இயற்பியலை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். 1957-இல் தொடங்கிய கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள 'எச்' இந்த ஹாஃப்மன்தான். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் என்ற மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் சித்தப்பாவின் பெட்டி அளவை விட்டுக்கொடுத்திருக்கிறது. கடைக்காரர் காட்டுவது சிக்கனத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. அதில் 500 வாட் என்று எழுதியிருப்பது பலத்தைக் காட்டுவதற்காக மட்டும் இல்லை, அந்த அளவுப் பெட்டிக்கு அவ்வளவு வாட் இல்லாமல் ஆழமான பேஸ் வராது என்பதற்காகவும்தான்.

கணக்காகவே சொல்கிறேன். சீல்டு பெட்டியில் ஒத்ததிர்வு எண்ணுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் சத்தம் 12 டெசிபெல் குறையும். அதை ஈடுகட்ட 16 மடங்கு சக்தி வேண்டும். 40 ஹெர்ட்ஸில் 30 வாட்டுக்கு வரும் சத்தம் 20 ஹெர்ட்ஸிலும் வர வேண்டுமானால் 480 வாட். புதிய சப்பில் இருக்கும் 500 வாட் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்கள் நிறைய. 250 வாட்டிலிருந்து 500 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் எண் போட்டு டப்பாக்களை விற்ற காலத்தைப் பார்த்த நமக்கு வாட் எண் மேல் ஒரு மயக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

வாட்டுக்குப் பதிலாக, கோன் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று பாருங்கள். 12 அங்குலக் கோனின் பரப்பு சுமார் 480 சதுர சென்டிமீட்டர், 8 அங்குலத்துக்குச் சுமார் 210. பழையது ஒரு பக்கம் 12 மில்லிமீட்டர் அசைகிறது, புதியது நீளமான அசைவுள்ள கோன் என்பதால் 15 மில்லிமீட்டர் அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். தள்ளும் காற்று பழையதில் 576 கன சென்டிமீட்டர், புதியதில் 315. அந்த வித்தியாசம் 5 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் கூடுதல். அசைவு எண்கள் நான் எடுத்துக்கொண்ட உதாரணம்தான், உங்கள் மாடல்களில் சற்று மாறும். ஆனால் பரப்பில் உள்ள இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் எங்கும் போகாது. 5 டெசிபெல் சின்ன எண்ணாகத் தோன்றலாம். மிகக் கீழ் அதிர்வெண்களில் நம் காது விசித்திரமாக நடந்துகொள்கிறது: 20 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவே 75 டெசிபெல்லுக்கு மேல் வேண்டும், விழ ஆரம்பித்த பிறகு நாலைந்து டெசிபெல் கூட்டினாலே ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். இதற்கு மேல், போர்ட்டட் பெட்டியில் அது டியூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்கு அருகில் போர்ட்டே பெரும்பகுதிச் சத்தத்தைத் தந்துவிடும், கோன் அங்கே அதிகம் அசைய வேண்டியதில்லை.

இதனால் 'புதியது என்றால் சின்னதிலேயே பெரிய சத்தம்' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். சின்னப் பெட்டியில் பெரிய ஆம்ப் என்ற யோசனையே புதிதில்லை. பாப் கார்வர் தன் சன்ஃபயர் நிறுவனத்தில் 1990-களின் நடுவிலேயே 11 அங்குலக் கனசதுரப் பெட்டிக்குள் 2700 வாட் என்று சொல்லி ஒரு சப்வூஃபரை விற்றார். மறுபக்கம், எஸ்.வி.எஸ். நிறுவனம் தன் பி.பி.-1000 மாடலைப் புதுப்பித்து ப்ரோ என்று வெளியிட்டபோது ஆம்ப் 300 வாட்டிலிருந்து 325 வாட்டுக்குத்தான் போனது. கோன் 10 அங்குலத்திலிருந்து 12 அங்குலமாகப் பெரிதானது, உள்ளே நல்ல டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) வந்தது, மொபைல் ஆப் வந்தது. முன்னேற்றம் எங்கே நடந்திருக்கிறது என்பதை இந்த ஒரு மாடலே காட்டிவிடும்.

சரி, ஆம்ப் பக்கம் வருவோம். 2006-ஐ ஒட்டி வந்த நடுத்தர விலை சப்களில் நிறைய ஏ.பி. வகுப்பு ஆம்ப்தான் இருக்கும்: கனமான டிரான்ஸ்ஃபார்மர், பெரிய ஹீட்சிங்க். மின்சாரத்தில் நல்ல பங்கு வெப்பமாகவே போய்விடும். இப்போது வருவது டி வகுப்பு. டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோதான் இருக்கும், இடைநிலை இல்லாததால் வெப்பம் குறைவு, திறன் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பவர் சப்ளையும் எஸ்.எம்.பி.எஸ். (கனமான டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படாத வகை) என்பதால் எடை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. நம்மூர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் பொதுவாக நன்றாகத் தாங்கும். சத்தத்தின் தரத்தில் ஏ.பி. வகுப்புதான் 'கதகதப்பு' என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இரண்டையும் ஒரே அளவுச் சத்தத்தில் வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்கவைத்தால், நான் பார்த்தவரை யாரும் பிரித்துச் சொன்னதில்லை. என் கடையில் செய்த சின்னச் சோதனைதான் அது, ஆய்வுக்கூடச் சான்று என்று கொள்ள வேண்டாம்.

ஆனால் பழுது பார்க்கும்போது பழையவற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கப்பாசிட்டர் எல்லாம் கண்ணால் பார்த்துக் கழற்றி மாற்றும் அளவில் இருக்கும். புதியவற்றில் பொடிப் பொடிப் பாகங்கள், மேலே பசை ஊற்றிய போர்டு. ஒன்று போனால் ஆம்ப் பொருத்திய முழு பிளேட்டையும் மாற்றச் சொல்வார்கள். மூன்று வருடம்கூட ஆகாத ஒரு புதிய சப் என்னிடம் வந்தது. அந்த பிளேட் இப்போது வருவதில்லை என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. கோனும் பெட்டியும் புத்தம் புதிதாக இருந்தன. வேறு ஆம்ப் வைத்து ஓட்டினால் அந்தக் கோனுக்கென்றே உள்ளே எழுதப்பட்டிருந்த ஈக்வலைசர் இல்லாமல் பேஸ் வறண்டு ஒலித்தது. பல மணி நேரம் அளந்து அளந்து வெளியே ஒரு டி.எஸ்.பி. வைத்துத்தான் அதை மீட்டேன். பார்த்துச் செய்யும் ஆள் இல்லாத ஊரில் அது குப்பைக்குத்தான் போயிருக்கும்.

மூன்றாவதான மூளையில்தான் புதியது சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது. பழைய சப்பில் மூன்று குமிழ்கள் இருக்கும்: சத்தம், கிராஸ்ஓவர் (எந்த அதிர்வெண் வரை சப் ஒலிக்க வேண்டும் என்பது), ஃபேஸ் (மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போகச் செய்வது). புதியதில் பல பட்டைகள் கொண்ட ஈக்வலைசர் இருக்கும், அதைவிட முக்கியமாக, எல்லை மீறாமல் சத்தத்தை அடக்கும் நல்ல லிமிட்டர் இருக்கும். போர்ட்டட் பெட்டியில் டியூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் காற்றின் பிடி விட்டுப்போய்க் கோன் கட்டுப்பாடில்லாமல் அசையும். பழைய சப்கள் சிலவற்றில் இதைத் தடுக்கும் ஃபில்டர் பெயரளவுக்குத்தான் இருக்கும். 5.1 ஒலித்தடத்தில் எல்.எஃப்.இ. என்ற பேஸுக்கான தனிச் சேனல் மற்றவற்றைவிட 10 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும்படி அமைக்கப்பட்டது. சினிமா அரங்கத்தின் முழு அளவில் அதன் உச்சம் 115 டெசிபெல். ஒரு வெடிப்புக் காட்சியில் பழைய கோன் 'டொக்' என்று அடிப்பாகத்தில் முட்டும் இடத்தில், புதியது தானாகக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு தப்பித்துவிடும்.

ஆனாலும் பழையவை எல்லாமே மூளை இல்லாதவை என்று நினைக்க வேண்டாம். டேவிட் ஹால் 1983-இல் தொடங்கிய வெலோடைன் நிறுவனம், கோனின் அசைவை ஒரு சென்சாரால் அளந்து, தவறைத் திருத்தும் சர்வோ முறையை வைத்துப் பெயர் வாங்கியது. 2000-களின் முதற்பாதியிலேயே அவர்களுடைய டிஜிட்டல் டிரைவ் வரிசையில் மைக்கும் ஈக்வலைசரும் வந்துவிட்டன. அதே டேவிட் ஹால்தான் பிறகு தானாக ஓடும் கார்களுக்கான சுழலும் லைடாரை (லேசரால் தூரம் அளக்கும் கருவியை) உருவாக்கினார். அப்படிப்பட்ட பழைய சப் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், இன்றைய மலிவு விலை ஆப் சப்களை யோசிக்காமல் ஒதுக்கிவிடுவேன்.

மூளையை சப்புக்கு வெளியிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் உங்கள் முடிவுக்கு முக்கியம். உங்கள் ஏவி ரிசீவரில் (ஹோம் தியேட்டரின் மைய ஆம்ப்) ஆடிஸி எக்ஸ்.டி.32, டிராக் போன்ற அறைத் திருத்தம் இருந்தால், பழைய சப்பிடம் இல்லாத வேலையில் பெரும்பகுதியை ரிசீவரே செய்துவிடும். இல்லையென்றால் மினி டி.எஸ்.பி. போன்ற ஒரு சின்னப் பெட்டியை இடையில் போடலாம். வெளியிலிருந்து மூளையைச் சேர்க்க முடிகிறது. 8 அங்குலக் கோனோடு வெளியிலிருந்து இன்னும் 4 அங்குலம் சேர்க்க வழியில்லை.

உங்கள் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சப்பை மாற்றுவதைவிட அது பெரிய விஷயம். அமெரிக்காவில் உங்கள் சித்தப்பா கேட்ட பேஸ், மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்களுக்குள் கேட்டது. அந்தச் சுவர்கள் பேஸில் ஒரு பகுதியை உறிஞ்சும், ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். நம் வீடுகளில் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, கீழே டைல்ஸ். உள்ளே போன பேஸ் வெளியேற வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 16 அடி நீளத்தில் சுமார் 35 ஹெர்ட்ஸிலும், 12 அடி அகலத்தில் சுமார் 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி உயரத்தில் சுமார் 57 ஹெர்ட்ஸிலும் உங்கள் அறை தானே முழங்கும். எந்த சப் வாங்கினாலும் இந்த மூன்று இடங்களில் 'குமு குமு' என்று வரும். ஈக்வலைசரால் இந்த மேடுகளை வெட்டலாம். பள்ளங்களை நிரப்ப முடியாது, எவ்வளவு வாட் ஊற்றினாலும் அங்கே ஒலி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். சப்பை நீங்கள் உட்காரும் சோபா இடத்தில் வைத்து, ஒரு பேஸ் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய் எங்கே சீராகக் கேட்கிறது என்று பாருங்கள். அந்த இடம்தான் சப்புக்கு உரிய இடம். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அரை மணி நேரத்தில் இதைவிட அதிகப் பலன் தரும் வேலை வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி சித்தப்பாவின் பெட்டியை என்னென்ன சோதிப்பது என்று பார்ப்போம். இதை விளக்கமாகவே சொல்கிறேன், இலவசமாக வரும் 25 கிலோ பெட்டியைக் கப்பலில் ஏற்றும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. முதலில் கோனைச் சுற்றியிருக்கும் விளிம்பு. அது ரப்பரா ஃபோமா? ரப்பர் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. ஃபோம் என்றால் விரலால் லேசாக அழுத்தச் சொல்லுங்கள், பொடிந்தால் ஆயுள் முடிந்தது. நம்மூர் ஈரப்பதத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். விளிம்பை மட்டும் மாற்றலாம், ஆனால் நடுவம் பார்த்து ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் கோனைச் சமமாக உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். மணல் உரசுவது போலச் சத்தம் வந்தால், கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் உரசுகிறது என்று அர்த்தம். காந்தம் வலுவிழந்திருக்குமோ என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஃபெரைட் காந்தம் 20 வருடத்தில் கண்டுகொள்ளும்படி இழப்பதில்லை.

அப்புறம் ஆம்ப். எந்த இணைப்பும் இல்லாமல் வெறுமனே மின்சாரம் கொடுத்தால் 'உம்' என்று உறுமக் கூடாது. பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால் பெரிய கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கக் கூடாது. எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டருக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. இந்த சப்களில், ஒலி வந்ததும் தானாக இயங்கவைக்கும் ஆட்டோ ஆன் சர்க்யூட் வருடக்கணக்காக அணையாமல் இருந்திருக்கும், அதையொட்டிய சின்னக் கப்பாசிட்டர்கள்தான் முதலில் போகும். பாகங்களைப் பிடித்து நிறுத்த ஊற்றிய பசை பழுப்பாக மாறியிருந்தால் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். வயதான அந்தப் பசை மின்சாரத்தைக் கடத்தும், காலடியில் உள்ள கம்பிகளை அரிக்கும். இவையெல்லாம் ஒரு நாள் வேலை, பெரிய செலவும் இல்லை.

115 வோல்ட் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் வீட்டில் ஆர்வத்தில் பிளக்கை மட்டும் மாற்றி நேராக 230-இல் சொருகி, கப்பாசிட்டர் வெடித்து அறை முழுக்கப் புகையான பெட்டியை நான் திறந்திருக்கிறேன். சில பிளேட்களில் 115, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் உள்ளே இணைப்புக் கம்பியை மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் ஃபியூஸையும் பாதி ஆம்பியருக்கு மாற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 500 வி.ஏ. அளவில் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேபிளில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் அதன் உள் டிரான்ஸ்ஃபார்மர் அதே வோல்டேஜில் 20 சதவீதம் கூடுதல் காந்தப்புலத்தைச் சுமக்கும், சூடாகும், உறுமலாம். 50/60 என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டின் விவரத்தாளையும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், சப்வூஃபரால் எவ்வளவு சத்தம் தர முடியும் என்று அளக்க 2006-இல் வந்த சி.இ.ஏ.-2010 என்ற அளவுமுறையில் எடுத்த எண்கள் இருந்தால் அவற்றை மட்டும் நம்புங்கள். அதிலும் ஒருவர் ஒரு மீட்டரில் உச்ச அளவாகவும் இன்னொருவர் இரண்டு மீட்டரில் ஆர்.எம்.எஸ். அளவாகவும் எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் இடையே 9 டெசிபெல் வித்தியாசம் உண்டு. அதைக் கழிக்காமல் ஒப்பிட்டால் தோற்றதெல்லாம் ஜெயித்ததாகத் தெரியும்.

என் முடிவு இதுதான். விளிம்பு நன்றாக இருந்து, காயில் உரசாமல், வோல்டேஜை மாற்ற வழியும் இருந்தால் சித்தப்பாவின் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கப்பாசிட்டர் மாற்றவும், அளவிடும் மைக் வாங்கவும் வையுங்கள். ரூம் ஈ.க்யூ. விசார்ட் என்ற இலவச மென்பொருள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அறையில் இடம் அறவே இல்லை, படத்தைவிட இசைதான் அதிகம், அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிறது என்றால் புதிய 8 அங்குலமே உங்களுக்குப் பொருந்தும், அதில் குறை சொல்ல மாட்டேன். பழைய ஆம்ப் மட்டும் செத்திருந்தாலும் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், வெளி ஆம்பும் கீழ் அதிர்வெண்ணை வெட்டும் ஃபில்டரும் சேர்த்து உயிர் கொடுக்கலாம். இரண்டையும் சேர்த்து ஓட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போர்ட்டடும் சீல்டும் டியூனிங் அதிர்வெண்ணை ஒட்டி வேறு வேறு ஃபேஸில் இருக்கும், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளலாம். மைக் வைத்து அளக்காமல் சேர்க்காதீர்கள்.

பெட்டி வந்து சேர்ந்ததும் ரிசீவரில் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, சப்பின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழை முழுதாகக் கடைசி வரை திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு தடவை வெட்டும். ரிசீவர் அளந்து சொல்லும் சப் தூரம் நிஜத்தைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகத் தெரிந்தால் அதைத் திருத்த வேண்டாம். சப்புக்குள் ஒலி தாமதமாவதைத்தான் அது தூரமாகக் கணக்கிடுகிறது. ஒரு மில்லி செகண்ட் தாமதம் சுமார் 34 சென்டிமீட்டர். கேபிள் டி.வி. பெட்டியை இணைத்ததும் உறுமல் வந்தால் சப்பைக் குற்றம் சொல்லும் முன் அந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் எர்த் சுற்றுதான் காரணமாக இருக்கும். லேபிள் போட்டோ வந்ததும் இங்கேயே போடுங்கள், வோல்டேஜ் மாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.